வீல் வரவில்லை, மேடம்: ஒரு பி.சி.ஜி. ஊசியின் நிகழ்வு ஆய்வு

பிறந்து இரண்டாம் நாள். ஆண் குழந்தை, எடை 2.8 கிலோ, சுகப்பிரசவம், தாய்க்கு முதல் பிள்ளை. இடம் சென்னையில் ஓர் அரசு மகப்பேறு மருத்துவமனை. பிரசவம் முடிந்த தாய்மார்கள் இருக்கும் வார்டு. ஊசி போட்டவள் மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவி. அவள் போட்ட முதல் பி.சி.ஜி., அதாவது காசநோய்த் தடுப்பூசி, அதுதான். அப்போது அவள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய டியூட்டர் நான். நான் நிற்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெயர், கல்லூரி எதையும் எழுதப்போவதில்லை. நடந்தது எங்கள் கல்லூரியில் மட்டும் நடக்கிற விஷயமும் அல்ல.

லேபில் என்ன கற்றாள்

தோலுக்குள் போடும் ஊசியைக் கற்றுக்கொடுக்க எங்களிடம் இருப்பது சாத்துக்குடி. ஸ்கில் லேபில் ரப்பர் கைகள் இருக்கின்றன, ஆனால் நான்கைந்து பேட்ச் குத்திய குத்தில் அவற்றின் தோல் சல்லடையாகிவிட்டது. தண்ணீர் உள்ளே போகும் வேகத்திலேயே வெளியே வந்துவிடும். ஆகவே கோயம்பேட்டிலிருந்து பழம் வருகிறது. குத்தி முடித்த பழத்தை ஜூஸ் போடாதீர்கள் என்று வருடா வருடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது தனிக்கதை.

சாத்துக்குடி சில விஷயங்களை நன்றாகவே கற்றுக்கொடுக்கும். ஊசியின் வாய் மேலே பார்த்திருக்க வேண்டும். சிரிஞ்சை ஏறக்குறைய படுக்கவைத்து, 10 அல்லது 15 டிகிரிக்கு மேல் தூக்காமல் நுழைக்க வேண்டும். வாய் மறைந்ததும் நிறுத்த வேண்டும். இதெல்லாம் கைக்கு வந்துவிடும். ஆனால் பழத்தோல் தடிமன். பச்சைக் குழந்தையின் தோல் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பழத்தில் ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் தோலுக்குள்ளேயே இருக்கும்; குழந்தையிடம் அந்தக் ‘கொஞ்சம்’ தோலைத் தாண்டிக் கொழுப்பில் போய் நிற்கும்.

இதைவிடப் பெரிய குறை, பழத்தில் வீல் எழும்பாது என்பது. சக்கரம் அல்ல, மருந்து தோலுக்குள்ளேயே தங்கும்போது மேலே உப்பி வருகிற வெளிறிய தடிப்பு. பி.சி.ஜி. சரியாகப் போனால் சுமார் 5 மில்லிமீட்டருக்குத் தெரியும், அதன் மேல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகள் இருக்கும். மருந்து சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இருக்கிற ஒரே கண்கூடான சாட்சி அதுதான். அதைப் பார்க்கவே வாய்ப்பில்லாத ஒரு பொருளை வைத்து வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறோம்.

அப்புறம் சிரிஞ்ச். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பயன்படுவது ஏ.டி. சிரிஞ்ச், அதாவது ஒருமுறை பயன்படுத்தியதும் தானே பூட்டிக்கொள்வது. மருந்தை ஏற்றித் தள்ளிவிட்டால் மறுபடி இழுக்க முடியாது. தொற்று பரவாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் பயிற்சிக்கு இது உதவாது, ஒரு தடவை தண்ணீர் ஏற்றித் தள்ளினால் குப்பைக்குத்தான். எனவே லேபில் சாதாரண 1 மி.லி. சிரிஞ்சைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம். விளைவு, பெரும்பாலான பிள்ளைகள் ஏ.டி. சிரிஞ்சை முதன்முதலில் கையில் எடுப்பதே நிஜக் குழந்தையின் பக்கத்தில் நிற்கும்போதுதான். பழக்கதோஷத்தில் பிஸ்டனை ஒரு தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்து, மருந்து ஏற்றும் முன்பே சிரிஞ்சைப் பூட்டிவிடுகிறவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஊசியைச் செலுத்தியபின் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லும் பழைய பாடமும் சிலர் கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தடுப்பூசிக்கு அது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியாகிவிட்டது.

அன்று காலை

11 மாணவிகள், நான் ஒருத்தி. வார்டு சிஸ்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்: “மேடம், ஒரு வயல் ஓப்பன் பண்ணா நாலு மணி நேரம்தான். கொழந்தைங்கள எல்லாம் ஒரே நேரத்துல ரெடி பண்ணிடுங்க.” வயல் என்றால் மருந்துக் குப்பி. பி.சி.ஜி. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த மருந்து. பவுடராக வரும். அதனுடனேயே வருகிற உப்புநீரில்தான் கலக்க வேண்டும். கலந்த நேரத்தை வயலில் எழுத வேண்டும். 4 மணி நேரத்துக்கு மேல் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கொட்டிவிட வேண்டும். ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசியைப் போல 28 நாள் வரை வைத்திருந்து போடும் சலுகை இதற்கு இல்லை.

கலக்கும் வேலையைச் சிஸ்டர் மாணவிகளிடம் கொடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் 4 குழந்தைகள் இறந்ததை எங்கள் வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அதற்கப்புறம் தமிழ்நாட்டில் தடுப்பூசி போடுவது டாக்டர் இருக்கிற இடத்துக்கு நகர்ந்தது. இன்றைக்கும் வயலையும் அதன் கரைப்பானையும் இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகுதான் கலப்பேன் என்று சொல்லும் மூத்த சிஸ்டர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் நல்ல பயம். அதற்கு இன்னொரு முகமும் உண்டு, அதற்கும் வருகிறேன்.

நம் மாணவியின் முறை நான்காவது. ஹெபடைட்டிஸ் பி ஊசி பிறந்த அன்றே போட்டாகிவிட்டது. போலியோ சொட்டு மருந்து இரண்டு சொட்டு, பிறகு பி.சி.ஜி. குழந்தை பாட்டியின் மடியில் இருந்தது. பாட்டி இவளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏம்மா, உனக்கு ஊசி போடத் தெரியுமா, இல்ல எம் பேரன் மேலதான் கத்துக்கப் போறியா?”

“தெரியும் ஆயா. மேடம் பக்கத்துலதான் இருக்காங்க.”

நான் பக்கத்தில் இல்லை. இரண்டு கட்டில் தள்ளி, முதல் மூன்று பேரின் லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உடனே போடாவிட்டால் மதியம் எந்தக் குழந்தை, எந்த நேரம் என்று எல்லாம் குழம்பிவிடும். இந்தக் காரணம் அன்றைக்கு எனக்கு நியாயமாகத்தான் தெரிந்தது.

அவள் எல்லாமே சரியாகத் தொடங்கியிருக்கிறாள். இடது மேல்கை. நாடு முழுக்க ஒரே இடத்தில் போடுவது, பின்னாளில் யார் பார்த்தாலும் தழும்பைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான். ஸ்பிரிட் தொடவில்லை, தொட்டால் உயிருள்ள மருந்து கெட வாய்ப்புண்டு. கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தோலை இழுத்துப் பிடித்திருக்கிறாள். ஊசி நுழைந்த நொடியில் குழந்தை கையை உதறியது, தோலை இழுத்திருந்த விரல் நழுவியது. அவள் தள்ளிவிட்டாள்.

ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு அளவு 0.05 மி.லி., ஒரு சொட்டு. அதைத் தள்ள ஒரு நொடிகூட ஆகாது. தோலுக்குள் இருந்தால் பிஸ்டன் அடம்பிடிக்கும், அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். ஆழமாகப் போயிருந்தால் வெண்ணெயில் போவது போலப் போகும். “வழவழன்னு போயிடுச்சு மேடம்” என்று பிறகு சொன்னாள். ஊசியை எடுத்தாள். கை தட்டையாக இருந்தது. தடிப்பும் இல்லை, வழியவும் இல்லை. அப்படியென்றால் மொத்த மருந்தும் தோலுக்கு அடியில் போய்விட்டது.

மூடியைத் திரும்ப மாட்டாமல், ஊசியை ஹப் கட்டரில் வெட்டி, சிரிஞ்சைச் சிவப்புப் பையில் போட்டாள். பாட்டியிடம் சொல்ல வேண்டிய நான்கையும் சொன்னாள்: என்ன ஊசி, எதற்கு, அடுத்து எப்போது வர வேண்டும், என்ன ஆகலாம், அப்படி ஆனால் என்ன செய்வது, அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த தடவை எடுத்து வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சின்னக் கட்டி வரும், உடைந்து ஆறித் தழும்பாகும், மருந்து எதுவும் தடவாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறாள். அப்புறம் என்னிடம் வந்து லாக் புக்கை நீட்டினாள். ‘பி.சி.ஜி. 1’. கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் கழித்து

அவள் தானாக வந்து சொல்லவில்லை. வகுப்பில் வேறு எதற்கோ, “யாருக்காவது வீல் வராமல் போனதா?” என்று கேட்டேன். ஒரு கை தூக்கலாமா என்று யோசித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கடைசியில் 11 பேரில் 4 கை. நான்கு லாக் புக்கிலும் என் கையெழுத்து இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு நான்கு பேரும் நான்கு பதில் சொன்னார்கள். சிஸ்டர் திட்டுவார். பாட்டி காதில் விழுந்தால் வார்டே கூடிவிடும். கொஞ்ச நேரத்தில் எழும்பும் என்று நினைத்தேன். நம் மாணவி சொன்னது வேறு: “சொன்னா திரும்பப் போடச் சொல்வீங்களோன்னு பயந்துட்டேன் மேடம். ரெண்டாவது தடவை அந்தக் கொழந்தயக் குத்த எனக்கு மனசு வரல.”

இந்தப் பதிலில் என் தவறுதான் இருக்கிறது. வீல் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் சொல்லியே கொடுக்கவில்லை. எப்படி வர வைப்பது என்று மட்டும் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தேன். செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். தள்ளும்போது எதிர்ப்பே தெரியவில்லையா, அங்கேயே நிறுத்து. ஊசியை எடுத்து, சரியாக நுழைத்து, மிச்சத்தைப் போடு. எல்லாமே போய்விட்டதா, திரும்பப் போடாதே. யாரிடமாவது சொல், பதிவேட்டில் எழுது, கக்கத்தில் நெறி, அதாவது நிணநீர்க்கட்டி, வீங்குகிறதா என்று கவனிக்கச் சொல்லித் தாயிடம் சொல். நம் நாட்டு வழிகாட்டுதலில் பின்னாளில் தழும்பே வராவிட்டால்கூட பி.சி.ஜி.யைத் திரும்பப் போடுவதில்லை. அவள் எதற்குப் பயந்தாளோ அது நடக்கவே நடக்காது. அது அவளுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

பயத்தின் இன்னொரு முகம் என்றேனே, அது இதுதான். பெரிய விபத்துகளைக் காட்டிக் காட்டி நாங்கள் வளர்க்கிற எச்சரிக்கை, கலக்கும்போதும் படித்துப் பார்க்கும்போதும் காப்பாற்றுகிறது. சின்னத் தவறு நடந்த அடுத்த நிமிடம் அதே எச்சரிக்கை வாயைக் கட்டிவிடுகிறது.

கக்கத்தில் கட்டி

இது இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் சமுதாய நலப் போஸ்டிங் நடக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம் அந்தக் குடும்பம் இருக்கிற பகுதியில்தான். புதன்கிழமை, தடுப்பூசி நாள். 14ஆம் வார ஊசிகளுக்காக வந்திருந்தார்கள். நான் பாட்டியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவர் என் புடவையை வைத்தே கண்டுகொண்டார்.

“நீங்கதான அந்தப் பொண்ணுங்கள கூட்டினு வந்தது? இங்க பாருங்க, கொழந்தைக்குக் கக்கத்துல ஒரு கட்டி.”

இடது கக்கம். புளியங்கொட்டை அளவு, தொட்டால் நகர்ந்தது. மேலே சிவப்பு இல்லை, சூடு இல்லை, குழந்தை அழவும் இல்லை. பால் நன்றாகக் குடிக்கிறது, எடை ஏறியிருக்கிறது, காய்ச்சல் இல்லை. மேல்கையில் ஊசி போட்ட இடம் ஆறிக்கொண்டிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, பி.சி.ஜி. போட்ட பக்கத்து நெறி வீங்கியிருக்கிறது, தானே குறையும், மாத்திரை வேண்டாம், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், யாராவது கீறிவிடுகிறேன் என்றால் விடாதீர்கள், இளகினாலோ சிவந்தாலோ உடனே வாருங்கள் என்றார். அன்றைய ஊசிகளையும் நிறுத்தவில்லை: தொடையில் பென்டாவும் நிமோனியாவுக்கான பி.சி.வி.யும், வலது மேல்கையில் தோலுக்குள் போலியோ ஊசியான ஐ.பி.வி., வாயில் போலியோ சொட்டும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவும்.

பாட்டி கேட்டார்: “இவ்ளோ தொல்லைன்னா இந்த ஊசி எதுக்குதான் போடறீங்க?”

சென்னையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் கிண்டியில் 1948லிருந்து இருக்கிறது. இதே மருந்து பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கவில்லை என்று உலகத்துக்குக் காட்டிய பெரிய ஆய்வும் 1968ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியதுதான். பாட்டியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சின்னக் குழந்தைக்கு மூளைக் காய்ச்சலாக வரும் டி.பி.யையும், உடம்பு முழுக்கப் பரவும் டி.பி.யையும் இது தடுக்கிறது, அதற்காகத்தான் பிறந்ததுமே போடுகிறோம் என்றேன். “அப்ப சரி” என்றார்.

மாணவியை அடுத்த நாள் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லாமல் விடலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

“என்னாலதானா மேடம்?”

தெரியாது என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதல்ல. ஆழமாகப் போன பி.சி.ஜி.யில் நெறி வீங்கவும் சீழ் கட்டவும் வாய்ப்பு கூடுதல். ஆனால் அழகாக வீல் எழும்பிய குழந்தைக்கும் நெறி வீங்குவதுண்டு. நான்கு பேரில் மற்ற மூன்று குழந்தைகளுக்கு என்ன ஆனது என்று எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை. ஒரு குழந்தையை வைத்து அவள் கையைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

என்ன மாற்றினோம்

லாக் புக்கில்தான் கை வைத்தேன். அதில் எண்ணிக்கை இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. ஊசி எப்படிப் போனது என்பதற்கு இடமே இல்லை. அச்சடித்த புத்தகத்தை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது, எனவே 40 பக்க நோட்டு ஒன்று ஒவ்வொருவருக்கும். தோலுக்குள் போடும் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு வரி: எதிர்ப்பு தெரிந்ததா, வீல் எத்தனை மில்லிமீட்டர், வழிந்ததா, யாரிடம் சொன்னேன். வீல் வராததற்கு மார்க் குறைக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இப்போது கட்டிலோடு நிற்கிறேன். மதியம் குழம்பத்தான் செய்கிறது.

லேபில் சாத்துக்குடியோடு கோழிக்காலும் சேர்ந்தது. கடையில் “தோலோட வேணும்” என்று அழுத்திச் சொல்லி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்கத்தில் உரித்துவிடுவார்கள். கோழித்தோலில் வீல் எழும்பும், ஆழமாகப் போனால் எழும்பாது. இரண்டையும் செய்யச் சொல்கிறேன்: முதலில் வேண்டுமென்றே ஆழமாகப் போட்டு, பிஸ்டன் வழவழவென்று போவதை விரலில் உணர்ந்து, பாதியில் நிறுத்தி, வாய்விட்டு “வீல் வரவில்லை, மேடம்” என்று சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். சைவக் குடும்பத்துப் பெண்கள் இருவர் கையுறை போட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மூன்றாம் நாள் தேறிவிட்டாள், இன்னொருத்திக்கு ரப்பர் கையே போதும் என்று விட்டுவிட்டேன். ஏ.டி. சிரிஞ்ச் ஆளுக்கு இரண்டு, வெறும் தண்ணீருக்கு. அதற்குக் கல்லூரியில் பணம் கேட்டு வாங்கியதை எழுதினால் அது தனி ஆய்வு.

வார்டு சிஸ்டருக்கு இந்த நோட்டு பிடிக்கவில்லை. “எழுதி வெச்சா நாளைக்கு யாராவது கேள்வி கேப்பாங்க மேடம்” என்றார். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது; கேள்வி வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், நாங்கள் போஸ்டிங் முடிந்து போய்விடுவோம். வீல் வராத குழந்தையின் விவரத்தை மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஏறவில்லை.

குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான எம்.ஆர். ஊசிக்குக் கொண்டுவந்தார்கள். கக்கத்துக் கட்டி கொத்துக்கடலை அளவுக்குச் சுருங்கியிருந்தது, தேடித்தான் கண்டுபிடித்தேன். இடது மேல்கையில் தழும்பு தெளிவாக இருந்தது. மூன்றாவது ஐ.பி.வி.யும் அன்றைக்கே, அதுவும் தோலுக்குள், அதே இடது மேல்கையில். சுகாதார நிலைய சிஸ்டர் போட்டார். எங்கள் மாணவிகள் ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். குழந்தை ஓங்கிக் கத்தியது. ஒருத்தி நோட்டை எடுத்துக்கொண்டு, “சிஸ்டர், எத்தனை மில்லிமீட்டர்னு எழுதட்டும்?” என்றாள். சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையின் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.